அடி

காலை ஆறேகால். ஹெரன் ஏரியை
இன்னும் எந்தப் படகும் கீறவில்லை.
ஒரு லூன் பறவை முங்கி, எங்கோ தள்ளி எழுந்து
யார் நீங்களெல்லாம் என்று பார்க்கிறது.

விஸ்கான்சினில் ஆகஸ்ட்.
சோளக்காட்டுக்கும் தண்ணீருக்கும் இடையில்
நாற்பது வண்டிகள், எட்டுக் கூடாரம்,
காலையிலேயே பாலாடைக்கட்டி பொரிக்கும் வாசனை.
மில்ட் ஒலிபெருக்கியை ஊதிப் பார்க்கிறார்:
"அடுத்து பெண்கள். நாற்பத்தைந்துக்கு மேல்.
வயதைச் சொன்னதற்கு எனக்கு இன்று அடி விழும்."

என் ஈர உடையின் ஜிப்
அந்த நேரம் பார்த்துத்தான் வாய் பிளந்தது.

ட்ரூடி வந்தாள்.
ஐந்து வருடமாய் அரைப் புள்ளியில்
என்னை ஜெயித்துக்கொண்டிருக்கும் ட்ரூடி.
கையில் வெள்ளி நிற டேப்.
"நீ தண்ணீரில் இறங்கினால்தானே
நான் உன்னைத் தோற்கடிக்க முடியும்? மூச்சை இழு."
மூன்று சுற்று சுற்றி
தபாலில் போடும் பொட்டலம்போல் முதுகில் தட்டினாள்.

மல்லாந்து மிதக்கிறேன்.
குதிகால் இரண்டும் கயிற்றின்மேல்.
எழுபத்தைந்தடி தூரத்தில் ஆர்லன் திரும்பிப் பார்க்கிறார்.
தலையசைக்கிறேன்.
அசைத்த தலை அங்கேயே நிற்க
உடம்பு மட்டும் கிளம்புகிறது.

முதலில் முதுகு. பிறகு உட்காருமிடம்.
புகக்கூடாத இடமெல்லாம் ஏரி புகும்
(அதற்கென்று தடித்த கால்சட்டை உண்டு; மேலே கேட்காதீர்கள்).
பிறகு, இல்லாத நாற்காலியிலிருந்து எழுவதுபோல்
பாதங்களைப் பதிக்கிறேன்.

நாற்பத்திரண்டு மைல் வேகத்தில்
தண்ணீர் தண்ணீராக இருப்பதில்லை.
தார் ரோடு.
கொஞ்சம் மரியாதை தெரிந்த தார் ரோடு.
கட்டைவிரலை மடக்கினால் மட்டும்
அந்த மரியாதையும் போய்விடும்.

பதினைந்து விநாடி.
பல் தேய்க்கப் போதாத நேரம்.
அதற்குள் படகின் அலையை
இப்படித் தாண்டி அப்படித் தாண்டி
ஒற்றைக் காலில் ஒரு தரம், மாற்றி மறுகாலில்.
உள்ளங்கால் எரிகிறது, உறைகிறது,
இரண்டையும் சேர்த்துச் சொல்ல
ஒரு சொல் இருந்தால் நன்றாயிருக்கும்.
ஏழு. எட்டு.
பக்கவாட்டில் மரங்கள் பச்சைக் கோடு.

ஒன்பதில் டேப் பிரிந்தது.

கழுத்து வழியே ஏரி உள்ளே வந்தது.
வயிறு, முதுகு, தொடை என்று
அறை அறையாய்க் குடியேறியது.
நான் ஊதினேன். பூசணி ஆனேன்.
வெள்ளி வால் ஒன்று பின்னால் படபடக்க
பூசணி ஒன்று ஒற்றைக் காலில் அலை தாண்டுவதை
கரை முழுக்க எழுந்து நின்று பார்த்தது.
பத்து. பதினொன்று.
என் வாழ்நாளில் தொடாத பதினொன்று.

பிறகென்ன, தவளைக்கல்தான்.
மூன்று தாவல், ஒரு முங்கல்.
மேலே வந்தபோது மில்டின் குரல்:
"உயிரோடு இருக்கிறார். தண்ணீர் மட்டம் குறைந்திருக்கிறது."

அடுத்தவள் ட்ரூடி.
அழகாகத்தான் எழுந்தாள். எப்போதும் அழகுதான்.
நான்காம் தாண்டலில் தோள் குலுங்கியது.
ஐந்தில் வாய் திறந்தது.
ஆறில் தெரிந்தது எல்லோருக்கும்:
அவள் சிரிக்கிறாள். என்னை நினைத்து,
அந்தப் பூசணியை நினைத்து,
நீரின்மேல், வாய்கொள்ளாமல்.
சிரிப்போடு யாரும் இதுவரை
கயிற்றைப் பிடித்திருந்ததில்லை.
விழுந்தாள்.

தோளில் துண்டோடு வந்து நீட்டினாள் கையை.
வாழ்த்துச் சொல்ல என்று நினைத்தேன்.
"டேப் காசு. இரண்டரை டாலர்."

சாயங்காலம் கோப்பையில் யாரோ
கடுகுச் சாறு ஊற்றி வைத்திருந்தார்கள்.
ஆர்லனின் பனிக்கட்டிப் பெட்டிக்குள்
பீர் டப்பாக்களுக்கு நடுவில்
நாலு பாதம் புதைத்து உட்கார்ந்திருந்தோம்,
சிவந்து, வீங்கி, மரத்துப்போய்.
பேச்சு வாக்கில் ஆர்லன் உள்ளே கைவிட்டுத் துழாவி
ஒரு விரலைப் பிடித்து இழுத்தார்.

"இது யாருடையது?"

ட்ரூடி என்னைப் பார்த்தாள்.
நான் ட்ரூடியைப் பார்த்தேன்.
எங்களுக்கும் தெரியவில்லை.