ஏழாவது வரைபடம்

முதல் வரைபடத்தில் கண்ணாடி அதிகம்.
ஆற்றைப் பார்த்தபடி முப்பதடிச் சுவர்,
தரை முழுக்க வெயில்,
மேலே போகப் போக அகலும் படிக்கட்டு.
குழுத் தலைவர் "நம்பிக்கை" என்றார்.
நானும் ஓரத்தில் அப்படியே குறித்துக்கொண்டேன்,
பென்சிலால்தான்.

இரண்டாவதில் கண்ணாடியைக் குறைத்தேன்.
மூன்றாவதில் கருங்கல்.
"கல்லறை மாதிரி இருக்கிறது" என்றாள் லுவெர்ன் டில்மன்.
அவள் அண்ணனைப் புதைத்த இடம்
மாவட்டப் பதிவேட்டில் இல்லை.
கல்லை அழித்தேன்.

அலபாமாவில் ஆகஸ்ட்.
சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது.
அருங்காட்சியகம் எழும்பப்போகும் மனையில்
இன்னும் நிற்கிறது பழைய பேருந்து நிலையம்:
இரண்டு வாசல், இரண்டு காத்திருப்பறை,
நடுவில் ஒரே சமையலறை,
இரண்டு பக்கமும் பரிமாறிய ஒரே பானை.
அந்தப் பானையைப் பற்றி மட்டும்
எந்தச் சட்டமும் வாய் திறந்ததில்லை.

நான்காவதில் இரண்டு வாசலையும் வைத்தேன்.
வருகிறவர் டிக்கெட் எடுக்கட்டும்,
டிக்கெட்டின் நிறம் சொல்கிற வாசலில் நுழையட்டும்,
கொஞ்சம் உறைக்கட்டும் என்று.
கெட்டிக்கார யோசனை. பரிசுகூடக் கிடைத்திருக்கும்.
கடைசி வரிசையிலிருந்து அலோன்ஸோ பெட்வே எழுந்தார்,
நாற்பது வருடம் இந்த ஊர்க் குழாய்களைப் பழுதுபார்த்தவர்.
"அந்த வாசலில் நான் போய்வந்தாயிற்று.
திரும்பப் போக
நான் எதற்குக் காசு கொடுக்க வேண்டும்?"
உட்காரப் போனவர், நின்று,
"கழிப்பறை எங்கே?" என்றார்.

சிரித்தார்கள். நானும்.
தரைத்தளம், பின்பக்கம், நினைவுப்பொருள் கடை தாண்டி என்று
விரலை ஓட்டிக் காட்டினேன்.
பின்பக்கம் என்ற சொல்
வாயிலிருந்து போன பிறகுதான் காதுக்கு எட்டியது.

அவர் அப்பாவிடம் ஒரு ப்ளிமத் கார்.
மெம்ஃபிஸிலிருந்து ஊர் வர ஒரு பகல் முழுக்க.
பின்சீட்டில் ஐந்து பிள்ளைகள்,
காலடியில் மூடி போட்ட காபி டப்பா.
பெட்ரோல் அடிப்பான், காசு வாங்குவான்,
ஆணியில் தொங்கும் சாவியை மட்டும்
எடுத்துத் தரமாட்டான்.
ஒதுக்கத் தெரிந்த ஊர்களில்
ஒதுங்க ஓர் இடம் இல்லை.
முந்தின இரவிலிருந்தே அம்மா தண்ணீர் தொடமாட்டாள்,
வாயைக் கட்டினால்தான் வழியைக் கடக்கலாம்.
அக்காவுக்கு அந்த வருடம் பதின்மூன்று.
அதற்கு மேல் அவர் சொல்லவில்லை.
தொப்பியை முழங்கால்மேல் வைத்துத்
திருப்பிக்கொண்டே இருந்தார்.

ஐந்தாவது வரைபடம் கிடையாது.
எண் மட்டும் போட்டேன்,
அறுபத்தோரு வயதில், முப்பது கட்டடம் முடித்த கையால்.

ஆறாவதில் கழிப்பறையை முன்னால் கொண்டுவந்தேன்.
சாக்கடை தெருவுக்கு அந்தப் பக்கம்,
நாற்பத்தோராயிரம் டாலர் கூடுதல் என்றார் பொறியாளர்.
முகப்பில் பெயர் பொறிக்கக் காத்திருந்த கொடையாளர்
தொலைபேசியில் வெகுநேரம் பேசவில்லை,
பிறகு, "என் பெயர் அதற்கு மேலேயா?"
பெட்வே என் மேசைக்கு வந்து
வரைபடத்தில் குழாயை ஒடித்துத் திருப்பினார்.
அடிக்குக் கால் அங்குலம் சரிவு, அது போதும்,
போக வேண்டியது போய்விடும் என்றார்.
பதினொன்றாயிரம் குறைந்தது.

ஏழாவதில் அது தெருவைப் பார்த்தே நிற்கிறது.
டிக்கெட் வாங்குமிடத்துக்கு வெளியே,
பேருந்து நிறுத்தத்துக்கு நேர் எதிரே.
உள்ளே போகாதவரும் போகலாம்.
அருங்காட்சியகம் சாத்தியிருக்கும் இரவிலும் போகலாம்.
விளக்கப் பலகை வேண்டாம் என்றார் பெட்வே.
கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி,
எதுவும் தொங்காத ஆணி,
அதை நான் கேட்டேன். தலையாட்டினார்.
தலைவர் இன்னும் கண்ணாடிச் சுவரைத்தான் விசாரிக்கிறார்.
இருக்கிறது, எட்டடியில்.

லுவெர்ன் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு
பெண்கள் பக்கத்தை எண்ணினாள்.
"எட்டா? தேவாலயத்துப் பேருந்து ஒன்று வந்து நின்றால்
எட்டு எந்த மூலைக்கு?"

எட்டை அடித்துவிட்டுப் பன்னிரண்டு போட்டேன்,
பேனாவால்.