வாய் மடக்குதல்

காலையில் ஐநூறு, விளக்கு வைக்குமுன் ஐநூறு.
இலை வெட்டி, தூள் வைத்து, உருட்டி,
நூல் கட்டி, வாய் மடக்குவது என் சோலி.
வாய் திறந்த பீடியைக்
கணக்குப்பிள்ளை கழிவில் தள்ளிவிடுவார்.
அதற்குக் கூலி கிடையாது.

சொளவுக்கு அடியில் மூன்று நாளாகக் கிடந்தது
பிரம்மசக்தி பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த தாள்.
ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு ஊசியாம்.
பெற்றோர் சம்மதம் என்று கீழே ஒரு கோடு.
தூள் நெடி ஏறி ஒரு மூலை பழுத்துவிட்டது.

"எம்மா, கருப்பை வாய்னா என்ன?"
நூலைப் பல்லில் கடித்திருந்தேன்,
பதில் சொல்லாமலிருக்க வசதியாகப் போயிற்று.
முப்பத்தாறு வயதில், இரண்டு பெற்ற பிறகு,
எனக்குள்ளும் ஒரு வாய் இருப்பதை
அந்தத் தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கீழ வீட்டு மாரித்தங்கம்
போனை என் காதில் வைத்தாள்.
யாரோ ஒரு ஆம்பிளைக் குரல்:
ஊசி போட்டால் பிள்ளை தங்காதாம்.
போன வருசம் கோமாரி ஊசிக்குப்
பசுவைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாய் நின்றவள் அவள்.
பசு இப்போது சினை. அதைச் சொன்னேன்.
"மாடும் பொம்பளப்பிள்ளையும் ஒண்ணாட்டி?" என்றாள்.
அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

புனலூர் பரோட்டாக் கடையில் நிற்கிற மனுசனுக்குப் போன் போட்டேன்.
கல்லில் முட்டை பொரிகிற சத்தத்துக்கு நடுவே
"கையெழுத்துத்தானே, போடு" என்றார்.
எதற்கென்று கேட்கவில்லை.

அவர் அக்கா பேச்சித்தாய்
என் பக்கத்தில் இருந்துதான் சுற்றுவாள்.
இரண்டு வருசம், நாறுகிற துணியை
முக்கூடல் உறங்கின பிறகு ஆற்றில் அலசினாள்.
சூடு என்றாள். வெந்தயம் முழுங்கினாள்.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
டாக்டரம்மா கேட்டது ஒன்றே ஒன்று:
"இவ்வளவு நாள் ஏம்மா சொல்லல?"
வயிற்றில் கட்டி என்றுதான் ஊரில் சொன்னோம்.
பதினாறாம் நாள் சோற்றுப் பந்தியிலும் அதையே சொன்னோம்.

கையெழுத்துப் போட்டேன்.
பீடிக்கடைப் பாஸ்புக்கில் போடுகிற அதே கையெழுத்து,
கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது.

சயின்ஸ் ரூமில், எலும்புக்கூட்டுப் படத்துக்குக் கீழே
நீலப் பெட்டி, ஐஸுக்குள் மருந்து.
சிஸ்டர் நோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்:
"கடைசியா பீரியட்ஸ் எப்போ?"
வாசலில் கணக்கு வாத்தியார் நின்றார்.
என் கண் தரைக்குப் போனது.
"பதினேழாம் தேதி சிஸ்டர். நாலு நாள்.
ரெண்டாம் நாள் மட்டும் வயிறு வலிக்கும்"
என்றாள் பிரம்மசக்தி,
வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரலில்.
வாத்தியார் வராந்தாத் தூணை எண்ணப் போய்விட்டார்.
அடுத்து நின்ற செய்யதலி பாத்திமா
வாயைப் பொத்தாமல் சிரித்தாள்.
மாரித்தங்கம் மகள் முப்புடாதி மட்டும்
சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே.

எறும்பு கடித்த மாதிரிதான் இருந்ததாம்.
அரை மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்தார்கள்.
அதற்குள் சிஸ்டர் என்னைப் பிடித்துக்கொண்டாள்:
"முப்பது தாண்டிட்டுல்லா?
உங்களுக்கு ஊசி இல்ல, ஒரு சோதனை இருக்கு.
செவ்வாக்கிழமை வாங்க."
செவ்வாய் இலை வாங்குகிற நாள் என்றேன்.
"புதனும் உண்டு" என்றாள்.

ராத்திரி கை கடுக்குதென்று அவள் சீக்கிரம் படுத்துவிட்டாள்.
தனியே சுற்றினேன்.
விரல் ஒரு பக்கம், நினைப்பு ஒரு பக்கம்.

மறுநாள் கடையில்
கணக்குப்பிள்ளை கட்டைப் பிரித்துத் தட்டிக் காட்டினார்:
"என்னம்மா இது, பத்தொன்பது வாய் மடங்காமக் கெடக்கு?"
கழிச்சுக்கோங்க என்றேன்.
புதன்கிழமை வரமாட்டேன் என்றும் சொன்னேன்.
பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பொம்பிளைகள்.
எங்கே போறே என்றார்.

சொன்னேன்.