பத்தொன்பதாம் நிமிடம்

நாற்பத்திரண்டு நிமிடம் ஓடுகிறேன் நான்,
வண்டிப்பாளையத்து வீட்டில், இரவு பதினொன்றுக்கு,
ஓல்டு டவுன் பள்ளியின் ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவாக.
இங்கே ஒரு மின்விசிறி, படத்துக்குள் ஒரு மின்விசிறி.
இரண்டும் ஒத்துப்போகவில்லை.

இந்த உச்சி வழுக்கையைப் பற்றி
இதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை.
இருபத்தோரு வருடமாக
நான் பலகைக்கு முகத்தைக் கொடுக்க
பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

கேள்வி கேட்கிறேன்.
விடையும் நானே சொல்கிறேன்.
நடுவில் விட்ட நேரம்
ஒரு தும்மலுக்குக்கூடக் காணாது.
"புரிஞ்சுதா?" முப்பத்தேழு தடவை.
"புரிஞ்சுது சார்" முப்பத்தேழு தடவை.
எண்ணியது நானில்லை. குணபூஷணி மேடம்,
வட்டார வள மையம், பச்சை மசியில்.

சிப்காட் வாடை படத்தில் விழவில்லை.
பிள்ளைகள் மூக்கைச் சுருக்குவது விழுந்திருக்கிறது.

படிவத்தில் இருபத்துநாலு வரிசை.
குரல் ஏற்ற இறக்கம்: நன்று.
துணைக்கருவி: தோசை வரைந்த அட்டை. ஏற்கத்தக்கது.
பின்வரிசை: கவனச்சிதறல், பத்தொன்பதாம் நிமிடம்.
ஆசிரியர் உடனே கண்டித்தார். நன்று.

கைப்பேசியைப் பின்னால் வைத்தது நான்தான்.
கதவு போன பீரோவின் மேல்
சத்துணவு முட்டை அட்டைகளை அடுக்கி,
கடல்காற்றில் சாயாமல் இருக்க
நாலு சுற்று ரப்பர் பேண்டு போட்டு.
முன்னால் வைத்தால் பிள்ளைகள் அதையே பார்க்கும் என்று
பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.
அதனால் என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது.
பக்கத்தில் கேட்பது
கடைசி பெஞ்சு.

காதில் செருகிக்கொண்டு பின்னால் இழுத்தேன்.
பதினெட்டு ஐம்பது.
பலகையில் நான் அரையை ஆறிலொன்றால் பெருக்குகிறேன்.
சட்டகத்துக்கு வெளியே சஃபுரா கேட்கிறாள்:
"பெருக்குனா பெருசாதான ஆவணும்,
இது ஏன்டா சின்னதாவுது?"

என்னிடம் வந்திருக்க வேண்டிய கேள்வி.

பதில் தேவநாதனுடையது.
ஜூன் மாதத்திலிருந்து என்னோடு அவன் பேசியதெல்லாம்
"உள்ளேன் ஐயா."

"தோசைய வுடு.
மீன் வித்த காசுல டீசலு, ஐசு கழிச்சுட்டு
பாதி படகுக்காரருக்கு.
மிச்ச பாதிய ஆறாக்குவாங்க.
ஆளு அஞ்சு, வலைக்கு ஒண்ணு.
எங்கப்பாவுக்கு அந்த ஆறுல ஒண்ணு.
அப்ப மொத்தத்துல..."

"பின்னாடி எவன்டா அது, பேச்சு!"

என் குரல்தான்.
இதற்கு மட்டும் கிணறு இல்லை.

அப்புறம் பதினாறு நொடி விசிறிச் சத்தம்.
பாடம் முழுக்க நான் விட்ட
நீளமான இடைவெளி அதுதான்.
பிறகு பன்னிரண்டில் ஒன்று என்று எழுதி
இரண்டு முறை அடிக்கோடு இழுக்கிறேன்.
புரிஞ்சுதா.
புரிஞ்சுது சார்.
அந்தக் கூட்டத்தில் சஃபுராவின் குரல் உண்டா என்று
மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன்.
பிரிக்க முடியவில்லை.

படிவத்தின் அடியில் 'ஆசிரியர் கருத்து'. இரண்டு கோடு.
நாளை நாலு மணிக்குள் மேடத்திடம் சேரவேண்டும்.
'அது கவனச்சிதறல் அல்ல' என்று எழுதினேன்.
அதற்குமேல் எழுத இரண்டு கோடு போதாது.
எழுதினால் ஒரு 'நன்று' குறையும்.
அதையும் யோசித்தேன், இல்லையென்று சொல்லமாட்டேன்.

தேவநாதன் படத்தில் இல்லை.
அவன் முழங்கை மட்டும் ஒருமுறை
ஓரத்தில் வந்துபோகிறது,
காற்றில் பங்கு பிரித்தபடி.

மறுபடி பதினெட்டு ஐம்பது.
இந்தமுறை கத்துவதற்கு முன்னால் நிறுத்திவிட்டேன்.
"அப்ப மொத்தத்துல" என்பதோடு
அசையாமல் நிற்கிறது ஏழாம் வகுப்பு.
தூரத்தில் ஒரு வழுக்கை,
கையில் சாக்பீஸ்,
பாதி திரும்பியிருக்கிறது.