குண்டு விழுந்த தூரம்

கடலூர் டவுன் பஸ்ஸில் நடத்துனர்
"குண்டுசாலை எறங்கு" என்கிறார்.
ஒரு பீரங்கியைத்தான் கூப்பிடுகிறோம் என்று
அவருக்குத் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது,
கீரைக்கட்டோடு ஒருத்தி
மிச்சச் சில்லறைக்கு நிற்கிறாள்.

தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச்
செஞ்சி மராட்டியரிடம் வெள்ளைக்காரன் வாங்கியபோது
பத்திரத்தில் எல்லை எழுதவில்லை.
சுட்டுப் பார்,
குண்டு எதுவரை போகுமோ அதுவரை உன்னுடையது.
இருப்பதிலேயே நல்ல பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுவந்தான்.
உப்பலவாடியின் பெயருக்கு முன்னால்
இன்றும் அந்தக் குண்டு கிடக்கிறது.
வயலில் நின்றவனை
யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வலிமை என்றால் அதுதான் என்று
நானும் நெடுநாள் நம்பினேன்.
புதுச்சேரியில் படித்த பிரெஞ்சை வைத்துக்கொண்டு
டெல்லியில் இருபத்தாறு வருஷம்
பெரிய நாற்காலிகளுக்குப் பின்னால்
ஒரு சின்ன நாற்காலியில் இருந்தேன்.
புகைப்படங்களில் என் முழங்கை மட்டும் வரும்.

மேசையைத் தட்டியவரைப் பார்த்திருக்கிறேன்.
தட்டியது மறுநாள் தலைப்புச் செய்தி.
அந்தச் சத்தத்தில்
ஒன்பதாம் பிரிவின் 'வேண்டும்'
'கூடும்' ஆகிப்போனதை
நானும், எதிரே சின்ன நாற்காலியில் இருந்தவளும்
மட்டுமே பார்த்தோம்.
அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

பிறகு ஒருவர் வந்தார்.
பெயர் வேண்டாம். குள்ளம். சர்க்கரை வியாதி.
பிஸ்கட்டைத் தொடமாட்டார், தட்டையே பார்த்திருப்பார்.
தூரத்து தேசமொன்று நம் கப்பலைப் பிடித்து வைத்திருந்தது.
பதினொரு மாலுமிகள், நான்கு பேர் எங்கள் கரை.
காரில் பட்டியலை என்னிடம் நீட்டி
"இந்த ஊரை எப்படிச் சொல்வது?" என்றார்.
தாழங்குடா.
"தாலங்குடா."
இல்லை ஐயா.
"தாளங்குடா."
இல்லை.
ஒரு தேசத்தின் தலைவரிடம்
நான் 'இல்லை' என்று சொன்னது அன்றுதான்.
விமான நிலையத்திலிருந்து மாளிகை வரை
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு
சுடுசோறு போல அந்த எழுத்தை
வாய்க்குள் உருட்டிக்கொண்டே வந்தார்.

எதிர்த்தரப்பு அமைச்சர் நிறையப் பேசினார்.
எண்ணெய், துறைமுகம், பழைய சிநேகம்.
நம்மவர் என் பக்கம் சாய்ந்து
"புரியவில்லை, திரும்பச் சொல்லச் சொல்லுங்கள்" என்றார்.
மூன்று தரம் சொன்னார்.
மூன்றாம் தரத்தில் அமைச்சருக்கே
தான் சொல்வது புரிந்துவிட்டது.
குரல் இறங்கியது.

"அந்தப் பதினொரு பேர்" என்று அவர் இழுத்தபோது
நம்மவர் கண்ணாடியை மாட்டினார்.
புகழேந்தி, சோனங்குப்பம்.
தேசிங்கு, தாழங்குடா.
அஞ்சாப்புலி, அக்கரைக்கோரி.
இப்படி ஒருவர் விடாமல், ஊரோடு.
நான் வாயெடுத்தேன்.
கையமர்த்தினார்.
பெயரை எந்த மொழிக்கு மாற்றுவேன்?
அறையில் ஏசி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

பத்துப் பேர் நடந்து வந்தார்கள்.
தேசிங்கு பெட்டியில் வந்தான்.
நாங்கள் போவதற்கு எட்டு நாள் முன்பே
சிறையில் காய்ச்சல் கொண்டுபோயிருந்தது.
வீட்டுக்கு எழுதிய கடிதத்தில்
'தாமதித்துவிட்டோம்' என்று போடச் சொன்னார்.
அப்படி எழுதுவது வழக்கமில்லை என்றார்கள் அதிகாரிகள்.
பேனாவை வாங்கித் தானே எழுதினார்.

அடுத்த தேர்தலில் தோற்றார்.
பலவீனமானவர், மேசையைத் தட்டத் தெரியாதவர்
என்று சுவரெல்லாம் இருந்தது.
எங்கள் தெருச் சுவரிலும்.

குண்டுசாலையில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிக்கிறேன்.
கடைசிக் குண்டு எங்கே விழுந்தது என்று காட்ட
வழியில் ஒரு கல்லும் இல்லை.
கருவாடு காயும் வாசல் ஒன்றில்
தேசிங்கின் மனைவி பூரணி
ரேஷன் அட்டை இருக்கும் பிளாஸ்டிக் உறையிலிருந்து
அந்தக் கடிதத்தை எடுக்கிறாள்.
படிக்கச் சொல்லவில்லை. மடிப்பை நீவுகிறாள்.

"அவ்ளோ பெரிய எடத்துல
எங்க ஊரு பேர நெசமாவே சொன்னாரா?"

சொன்னார்.

"சரியா சொன்னாரா?"

கொஞ்சம் யோசித்து,
ஏறக்குறைய, என்றேன்.