ஊதாத விசில்

பத்தமடை தாண்டியதும் வந்தது.
முதலில் விரல்நுனி,
சில்லறை எது சீட்டு எது என்று தெரியாத மரப்பு.
பிறகு நெஞ்சுக்குள் யாரோ
ஓடுகிற வண்டியில் தொற்றி ஏறி
உட்கார இடம் கேட்டார்கள்.

போன மாதமே ஹைகிரவுண்டில்
சுருள் தாளில் என் இதயத்தை வரைந்து பார்த்தாயிற்று.
“கோடெல்லாம் ஒழுங்கா ஓடுது” என்றார் டாக்டரம்மா.
பின்னே ஏன் இந்த அடி அடிக்குது?
“ஹாரன் தானா அடிச்சா
இன்ஜின் போச்சுன்னா அர்த்தம்?
அடுத்த தடவை மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க,
மெதுவா வெளியே விடுங்க. இழுக்கிறது தன்னால நடக்கும்.”
ஒரு ஊசியாவது போட்டிருந்தால்
நம்பியிருப்பேன்.

எண்பது பேர் நிற்கிற வண்டியில்
மூச்சு விட எங்கே இடம்?

பழக்கத்தில் விசில் உதட்டுக்கு வந்துவிட்டது.
ஊதினால் வண்டி நிற்கும்.
நிற்க ஊர் இல்லை, இரண்டு பக்கமும் வாழை.
ஊதாமல் ஊதினேன்.
உள்ளே கிடக்கும் அந்தப் பட்டாணி
தூக்கம் கலையாத அளவுக்கு.
முதல் தடவை கீச்சென்றது,
ஒரு பிள்ளை திரும்பிப் பார்த்தது.
இரண்டாவது, சத்தமில்லை.
நாலாவதோ ஐந்தாவதோ
பாதத்துக்கடியில் தகரம் சுடுவது தெரிந்தது.
இவ்வளவு நேரம் எனக்குக் கால் இருந்திருக்கிறது.

சேரன்மாதேவியில்
ஆவுடையப்பன் அண்ணாச்சி பாட்டிலை நீட்டினார்.
“ரேடியேட்டருக்கு வச்சது. பிடரியில ஊத்தும் வே.”
வேறொன்றும் கேட்கவில்லை.
சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது,
அந்தக் குளிர் எங்கே போகிறதென்று
வீரவநல்லூர் வரை பார்த்துக்கொண்டே வந்தேன்.
அதற்குள் நெஞ்சில் ஏறியவர்
எங்கோ இறங்கியிருந்தார்,
சீட்டு வாங்காமல்.

கல்லிடைக்குறிச்சியில் ஒருவர் ஏறினார்.
இஸ்திரி போட்ட சட்டை, மார்போடு அணைத்த ஃபைல்,
காலருக்குள் ஒரு விரல்.
“அம்பை கோர்ட்ல நிக்குமா?”
மூன்றாம் முறை கேட்கிறார்.
நூறு ரூபாய்த் தாள் அவர் கையில்
காற்றில்லாமலே ஆடுகிறது.

நிற்கும் என்றேன், மூன்றாம் முறையும்.
மிச்சத்தை மொத்தமாகக் கொட்டாமல்
ஒவ்வொரு காசாக
அவர் உள்ளங்கையில் வைத்தேன்.
உதடு அசைய எண்ணினார்.
எண்ண எண்ண
காதோரம் ஏறியிருந்த தோள்
ஒரு விரற்கடை இறங்கியது.

“ஒரு ரூவா குறையுதே.”

சரிதான்.
என் விரல் இன்னும்
முழுசாக வந்து சேரவில்லை.