பத்து விரல்

கந்தப்பொலையில் கரட் கழுவும் இடத்தில்
எனக்கு வேலை, தலை வெட்டுவது.
நாலு மணிக்குத் தம்புள்ளைக்கு லொறி கிளம்பும்.
அதற்குள் கிழங்கெல்லாம் குளித்து முடித்து
மினுமினுவென்று மூட்டைக்குள் ஏறிவிடும்.
இலை என் காலடியில்
முழங்கால் உயரத்துக்குக் கிடக்கும்.

மாடு கொஞ்சம் தின்னும்.
மிச்சம் ஓடைப் பக்கம் அழுகி,
மழை நாளில் அந்த வாடை
பஸ்ஸுக்குள்ளும் ஏறி வந்து உட்காரும்.

முதல் தடவை வெட்கப்பட்டுத்தான் எடுத்தேன்.
சம்பளத்துக்கு இன்னும் ஆறு நாள்.
கடைக் கொப்பியில் என் பக்கம் நிறைந்து
அடுத்த பக்கத்தைத் திருப்ப
கடைக்காரருக்கு மனமில்லை.
குடைக்குள் சுருட்டி ஒரு கட்டு பீட்ரூட் இலை.
யாரையோ குத்திவிட்டு ஓடி வந்தவள் போல
விரலெல்லாம் சிவந்து வாசலில் நின்றேன்.

இலை என்ன குடித்திருக்கிறது என்று
அன்றைக்கு நான் கேட்கவில்லை.
இரவெல்லாம் வயிறு பதில் சொன்னது.

மறுநாள் மருந்தடிக்கிற லூர்துசாமி
முதுகில் டாங்கியோடு வந்து நின்றான்.
"எந்தப் பாத்தி?"
சொன்னேன்.
"அது செவ்வாய்க்கிழமை அடிச்சது."
அவ்வளவுதான், போய்விட்டான்.

அதற்குப் பிறகு விரல்தான் எங்கள் பாஷை.
மேட்டில் நின்று காட்டுவான்.
இரண்டு விரல்: இரண்டு நாள்தான், தொடாதே.
ஏழு: பொறு.
பதினாலு நாள் போக வேண்டும்,
விரலோ பத்துதான்.
இரண்டு கையும் விரித்து
மிச்சத்துக்குத் தலையை நாலு தரம் ஆட்டுவான்.
நான் சாக்கை எடுப்பேன்.

முதலாளி ஒருநாள் கண்டுவிட்டார்.
"அள்ளிக்கொண்டு போ,
கூட்டுகிற கூலி மிச்சம்" என்றார்.

கரட் இலைக்கு முரட்டுக் குணம்.
தண்டைக் கழித்து, மயிர் மயிராய் அரிந்து,
கொதிதண்ணியில் ஒரு முக்கு.
பிறகும் கொஞ்சம் கசக்கும். கசக்கட்டும்.
தேங்காய் விற்கிற விலைக்கு அரை மூடியிலும் பாதி,
பச்சை மிளகாய், சின்ன வெங்காயம்,
இடித்த மாசி இருந்தால் ஒரு சிட்டிகை.
தேசிக்காய் மட்டும்
சட்டி அடுப்பை விட்டு இறங்கிய பிறகு.

நோக்கோல் இலை அடக்கமானது,
பருப்போடு போட்டால் இருப்பதே தெரியாது.
ராபு இலை நாக்கைச் சுணைக்கும்,
எண்ணெய் சுட்டதும் தன் பேச்சை மறந்துவிடும்.
கோலிப்ளவரின் வெள்ளைத் தண்டைப் பொரித்தேன்,
மகன் கோழி என்று நினைத்து மென்றான்.
நான் திருத்தவில்லை.

பக்கத்துக் காம்பரா புஸ்பகாந்தி
"மாட்டுக்குப் போட்டதையா?" என்று
மூக்கைப் பிடித்தாள்.
மூன்றாம் நாள் சட்டியோடு வந்து
"மாட்டுக்கு மிஞ்சினது இருக்கா?" என்றாள்.

லூர்துசாமி மட்டும் தின்னமாட்டான்.
எந்தப் பச்சையை மோந்தாலும்
டாங்கிதான் மணக்கிறதாம்.
சோறும் கருவாடும்,
அது அலுத்தால் கருவாடும் சோறும்.

போயா அன்றைக்கு வேலையில்லை.
இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் குளித்து,
தலையில் ஈரம் காயாமல்
ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் வந்தான்.
நான் கூப்பிடவில்லை.
ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை.
ரொட்டியும் கரட் இலைச் சுண்டலும் வைத்தேன்.

முதல் வாயை
விழுங்கவும் துப்பவும் தெரியாமல்
வெகுநேரம் கன்னத்திலேயே வைத்திருந்தான்.
பிறகு தொண்டை ஒருமுறை அசைந்தது.
தட்டைப் பார்த்தபடியே
ஒரு விரல் காட்டினான்.

எனக்கு உயிரே போய்விட்டது.
ஒரு நாளா? நேற்றா அடித்தாய்?
மகன் தட்டைப் பிடித்து இழுத்தேன்,
ரொட்டி தரையில் விழுந்தது.

"இன்னும் ஒரு கரண்டி" என்றான்.