எட்டு கிலோ

எனக்கு விசா இருபதே நாளில் வந்துவிட்டது.
பூனைக்கு நூற்றெண்பது நாள்.
சப்போரோவில் செயற்கைப் பல் வடிக்கும் வேலை
காத்திருக்கும் என்றார்கள்.
காத்திருந்தது.

முதலில் தோளடியில் அரிசியளவு சில்லு.
பிறகு ஓர் ஊசி, மாதம் கழித்து இன்னோர் ஊசி.
பிறகு ஒரு சொட்டுக்கும் கொஞ்சம் அதிகமாய் எடுத்த ரத்தம்
பனிக்கட்டிப் பெட்டிக்குள் ஜெர்மனிக்குப் போனது.
நான் இன்னும் பார்க்காத ஊர்.
தேறியது என்று காகிதம் வந்த அன்று
பூனை பாத்திரம் கழுவும் தொட்டியில் தூங்கிக்கொண்டிருந்தது.

படிவத்தின் முதல் கட்டத்தில் பெயர் கேட்டிருந்தார்கள்.

எங்கள் சபுர்த்தாலோ கட்டடத்தில் லிஃப்டுக்குக் காசு போட வேண்டும்,
இருபது தெத்ரி.
போடாமல் ஏறி இறங்கும் ஒரே ஆள் இந்தப் பூனை.
அதனால் தரைத்தளத்து நோதாருக்கு,
முப்பது வருடம் டிராலிபஸ் ஓட்டியவருக்கு,
அது ‘பரிசோதகர்’.
ஆறாம் மாடி இரட்டையரில் ஒருத்திக்குப் பந்தேரா.
மற்றவளுக்குப் பந்தேரா தவிர எதுவும்.
நாலாம் மாடி லமாரா கூப்பிடுவதே இல்லை,
மீன் வறுப்பாள்.
நான் ‘ஏய்’ என்பேன்.
அரசாங்கத்துக்கு அப்படி எழுத முடியாது.
பந்தேரா என்று எழுதினேன்.
ஒருத்தி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அடுத்த கட்டம்: உரிமையாளர்.
அதையும் நானே நிரப்பினேன்,
சற்று வேகமாக.

கூண்டை இப்போதே வாங்கி
வீட்டு நடுவில் திறந்து வையுங்கள் என்றார் டாக்டர் தம்தா,
நாற்காலி போலப் பழகட்டும்.
பழகியது எனக்கு.
சாவி, கையுறை, மின்கட்டண ரசீது
எல்லாம் அதற்குள் போட்டுக்கொண்டிருந்தேன்.
பூனை அதன் கூரைமேல் உட்கார்ந்து
என்னைப் பார்த்தது.
மதில் மேல் இருந்தது அது அல்ல.

நூற்று அறுபத்து மூன்றாம் நாள்
பூனையைக் காணவில்லை.
ஒன்பது மாடியும் ஏறினேன், ஒவ்வொரு மாடிக்கும் காசு போட்டு.
குப்பைத்தொட்டி, கார்களின் அடிவயிறு,
முசுக்கொட்டை மரம்.
மறுநாள் மாலை நோதார் கதவைத் தட்டினேன்.
உள்ளே அடுப்பருகே
வயிறு புடைக்கப் படுத்திருந்தது.
“காற்றில் கதவு சாத்திக்கொண்டது” என்றார்.
இரண்டு நாளாக
ஓர் இலைகூட அசையவில்லை.
“ஆமாம், காற்று” என்றேன்.

கூண்டில் உங்கள் வாசனையுள்ள துணி ஒன்றை விரியுங்கள் என்றார் தம்தா.
என் பழைய ஸ்வெட்டரை விரித்தேன்.
முகர்ந்தது. போய்விட்டது.
இதை லிஃப்டில் யாரிடமோ சொல்லியிருக்கிறேன்.
அன்றிரவே வாசலில்
லமாராவின் மேலங்கி, நெத்திலி மணத்தோடு.
இரட்டையர் ஆளுக்கொரு காலுறை,
ஜோடி அல்ல.
கடைசியாக நோதாரின் ஓட்டுநர் கையுறை,
ஒரு கை மட்டும்.

பூனை தானாக உள்ளே போனது.
இரண்டு சுற்று சுற்றி
கையுறைமேல் தாடையை வைத்தது.
நான் சமையலறைக்குப் போய்
தேவையில்லாமல் தண்ணீர் கொதிக்கவைத்தேன்.

விமானத்துக்குள் எட்டு கிலோ, கூண்டோடு சேர்த்து.
மனானாவின் உருளைக்கிழங்குத் தராசில் தொங்கவிட்டோம்.
எட்டு கிலோ முந்நூறு.
“எட்டு என்று சொல்கிறேனே” என்றாள் மனானா,
வருடக்கணக்காய் எனக்கு ஏழைத் தந்து
எட்டு என்று சொன்னவள்.
துணிகளை ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்தேன்.
மேலங்கி. காலுறை. காலுறை.
ஸ்வெட்டரை உருவினேன்.
முள் இறங்கி நின்றது.
என் வாசனைதான் எப்படியும் கூட வரப்போகிறது.

அதிகாலை நாலு மணி.
லிஃப்டில் முதல்முறையாக
அதற்கும் சேர்த்து ஒரு காசு போட்டேன்.
கீழே கதவு திறந்தபோது
நோதார் வீட்டுக் கதவு
ஒரு விரல் அகலம் திறந்திருந்தது,
உள்ளே விளக்கில்லை.

காற்றாக இருக்கும், ஏய்,
என்றேன் கூண்டைப் பார்த்து.